குழாய் நீரில் கலக்கும் வேதிப்பொருள்களும் உடல்நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குழாய் நீர் பளிங்கு போலத் தெளிவாக இருக்கிறது, சுவையிலும் குறையில்லை. அதில் தீங்கான வேதிப்பொருள் இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. உடல்நலத்தைப் பொறுத்தவரை மிகவும் கவலைக்குரியவையான ஆர்சனிக், ஈயம், நைட்ரேட் ஆகிய மூன்றும் குடிநீரில் வழக்கமாகக் காணப்படும் செறிவுகளில் நிறமோ மணமோ சுவையோ தருவதில்லை. ஒரு லிட்டர் நீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அந்த வழிகாட்டு அளவைப் போல இருபது மடங்கு ஆர்சனிக் கரைந்த நீரும் நாக்குக்கு நல்ல நீராகவே படும். மறுபுறம், செந்நிறமாக வந்து துணியில் கறை படியவைக்கும் இரும்பு கலந்த நீரைக் கண்டு வீட்டார் பதறுகிறார்கள். அந்த இரும்போ பெரும்பாலோருக்கு உடல்நலக் கேடு எதையும் விளைவிப்பதில்லை. கலங்கல், சாக்கடை நாற்றம், உப்புக்கரிப்பு போன்ற குறைகளைக் கண்ணும் மூக்கும் நாக்கும் காட்டிக்கொடுக்கும். இந்தப் பக்கத்தில் பேசப்படும் பொருள்களுக்கு மட்டும் அவற்றின் சாட்சியத்தை நம்ப முடியாது.

கிருமிகள் கலந்த நீரால் வரும் நோய்க்கும் வேதிப்பொருள் கலந்த நீரால் வரும் நோய்க்கும் என்ன வேறுபாடு?

முதன்மையான வேறுபாடு காலம். கிருமி கலந்த நீரைக் குடித்தவருக்குச் சில மணி நேரத்திலோ சில நாளிலோ வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்துவிடுவதால், நீர்தான் காரணம் என்று ஊகிக்க முடிகிறது. வேதிப்பொருள்களின் தீங்கோ பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில், சிறிது சிறிதாகச் சேர்ந்து வருவது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அன்டோஃபகாஸ்டா நகரம் இதற்கு உலகறிந்த சான்றாக நிற்கிறது. 1958-ஆம் ஆண்டு அந்நகரத்துக்குப் புதிய ஆற்று நீர் கொண்டுவரப்பட்டது. அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 860 மைக்ரோகிராம் ஆர்சனிக் இருந்தது. 1970-இல் ஆர்சனிக்கை நீக்கும் நிலையம் அமைந்து, அளவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அங்கே நுரையீரல் புற்றுநோயாலும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாலும் நேர்ந்த இறப்புகள் அதற்குப் பிறகுதான் உச்சத்தை எட்டின. பல பத்தாண்டுகள் கழித்தும் அவை பிற பகுதிகளைவிட மிகுந்தே இருந்தன. தாயின் வயிற்றிலும் சிறு வயதிலும் அந்த நீரைப் பெற்றவர்கள் நடுவயதை எட்டிய பின் அதன் விளைவைச் சுமந்தார்கள். நீர் திருந்திய பிறகும் நோய் தொடர்கிறது என்பதால்தான், அறிகுறி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருப்பது இங்கே உதவாத அணுகுமுறை ஆகிறது.

உடனடியாக நஞ்சேறும் நிகழ்வுகளும் அரிதாக உண்டு. 1988 ஜூலையில் இங்கிலாந்தின் காமல்ஃபோர்டு பகுதியில் நீரைத் தெளிவிக்கப் பயன்படும் அலுமினியம் சல்ஃபேட் ஏறத்தாழ 20 டன் தவறான தொட்டியில் கொட்டப்பட்டு, அமிலத்தன்மை மிகுந்த நீர் வீடுகளுக்குச் சென்றது. இத்தகைய நிகழ்வுகளில் சுவை மாற்றமும் வாய்ப்புண்ணும் குமட்டலும் உடனே தெரியும். திடீரென்று நீரின் சுவையோ நிறமோ மாறினால் குடிப்பதை நிறுத்திவிட்டு, நீர் வழங்கும் அமைப்பிடம் உடனே தெரிவிப்பதே முறை.

இவை நீருக்குள் எப்படி வந்து சேர்கின்றன?

நான்கு வழிகளில் என்று சொல்லலாம். ஆர்சனிக், ஃபுளோரைடு, யுரேனியம் போன்றவை பெரும்பாலும் பாறையிலிருந்தே கரைந்து நிலத்தடி நீரில் சேர்பவை. அங்கே யாரும் எதையும் கொட்டியிருக்க வேண்டியதில்லை. நைட்ரேட், பூச்சிக்கொல்லிகள், தொழிற்சாலைக் கரைப்பான்கள் ஆகியவை மனிதச் செயல்களால் மண்ணின் வழியே இறங்குபவை. குளோரினும் அதன் துணைவிளைபொருள்களும் நீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் சேர்கின்றன. ஈயமும் செம்பும் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், அதாவது தெருக் குழாயிலிருந்து வீட்டுக் குழாய் வரையுள்ள சில மீட்டர் தூரத்தில் கலப்பவை. இந்த நான்காவது வழியை மக்கள் மறந்துவிடுவதே பெரும் குழப்பத்துக்குக் காரணம் என்று எண்ணுகிறேன். சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனை அறிக்கை குறையற்றதாக இருக்கும்போதும் ஒரு குறிப்பிட்ட வீட்டின் குழாயில் ஈயம் வரக்கூடும்; பக்கத்து வீட்டு நீர் நன்றாக இருக்கும்போதும் வரக்கூடும்.

ஈயம் ஏன் இவ்வளவு அஞ்சப்படுகிறது?

ஈயம் உடலுக்கு எவ்வகையிலும் தேவைப்படாத பொருள். உடலோ அதைக் கால்சியம் என்று ஏமாந்து உள்ளே விடுகிறது. குடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்து, எலும்பில் படிந்து, அங்கே பல்லாண்டுகள் தங்குகிறது. இரத்தத்தில் உள்ள ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் உள்ளது குறையப் பத்தாண்டுக் கணக்கில் ஆகும். கருவுற்ற காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறும்போது, தாய் தன் சிறுவயதில் சேர்த்துவைத்த ஈயமும் உடன் வெளியேறிக் கருவைச் சென்றடைகிறது.

உட்கொண்ட ஈயத்தில் சிறு குழந்தைகளின் உடல் ஏற்றுக்கொள்ளும் பங்கு பெரியவர்களைப் போல நான்கைந்து மடங்கு. வளரும் மூளையில் அது நரம்புகளின் இணைப்பைக் குலைக்கிறது; கற்கும் திறன், கவனம், பேச்சு, நடத்தை ஆகியவற்றைப் பாதிக்கிறது; இந்தப் பாதிப்பு பெரும்பாலும் மீளாது. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகக் கோளாற்றையும் மிகுவிக்கிறது. தீங்கற்றது என்று சொல்லத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதே நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற தற்காலிக வழிகாட்டு அளவை வைத்திருப்பதற்குக் காரணம், பழைய குழாய்கள் இருக்கும்வரை அதற்குக் கீழே கொண்டுவருவது நடைமுறையில் கடினம் என்பதுதான். ஆகவே 9 மைக்ரோகிராம் என்று வந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கைக்குழந்தை உள்ள வீட்டார் நிம்மதியடைந்துவிடக் கூடாது.

குழாயில் இருக்கும் ஈயம் நீரில் எப்படிக் கரைகிறது? பல ஆண்டுகள் சிக்கலின்றி இருந்த குழாய் திடீரென்று ஈயத்தை விடுமா?

விடும். ஈயக் குழாய், செப்புக் குழாய்களை இணைத்த ஈயம் கலந்த பற்றாசு, பித்தளைத் திருகுகள், பழைய துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாய், ஈயச் சேர்மம் கலந்து செய்யப்பட்ட சில நெகிழிக் குழாய்கள் ஆகிய எல்லாமே ஈயத்தின் மூலங்கள். காலப்போக்கில் உட்சுவரில் ஒரு தாதுப் படலம் உருவாகி, உலோகத்துக்கும் நீருக்கும் இடையே திரைபோல நிற்கிறது. நீரின் வேதியியல் மாறினால் அந்தப் படலம் கரையும்.

இதை இரண்டு நகரங்கள் கசப்பான முறையில் கற்றன. வாஷிங்டன் நகரில் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் கிருமிநீக்கத்துக்குக் குளோரினுக்குப் பதிலாக, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் பயன்படுத்தப்பட்டது. குளோரின் துணைவிளைபொருள்களைக் குறைக்கும் நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட மாற்றம் அது. ஆனால் குளோரின் இருந்தவரை நிலையாக இருந்த ஈய ஆக்சைடுப் படலம் கரையத் தொடங்கி, 2001 முதல் 2004 வரை வீடுகளில் ஈய அளவு உயர்ந்திருந்தது. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் நீர் ஆதாரம் ஆற்றுக்கு மாற்றப்பட்டபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கப்படவில்லை. நீர் நிறம் மாறி வருவதாகவும் தோலில் தடிப்பு எழுவதாகவும் மக்கள் முறையிட்டார்கள். நீர் பாதுகாப்பானது என்ற பதிலே நெடுங்காலம் கிடைத்தது. குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் உயர்ந்திருப்பதை ஒரு குழந்தை மருத்துவர் கணக்கிட்டுக் காட்டிய பின், 2015 அக்டோபரில்தான் பழைய ஆதாரத்துக்குத் திரும்பினார்கள். அந்தப் பதினெட்டு மாதங்களில் புட்டிப்பாலை அந்த நீரில் கலக்கிக் கொடுத்த தாய்மார்களை நினைத்தால், குடிமக்களின் முறையீட்டை ஆய்வகத் தாளைக் காட்டித் தள்ளிவிடுவது எவ்வளவு பெரிய பிழை என்பது விளங்கும்.

ஈயம் இருக்கலாம் என்ற ஐயம் உள்ள வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியது என்ன?

இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரில்தான் ஈயம் மிகுதி. எனவே காலையில் முதலில் வரும் நீரைச் செடிக்கோ தரை கழுவவோ பிடித்துவிட்டு, குழாயில் வரும் நீர் நன்கு குளிர்ச்சியாக மாறிய பின் குடிக்கவும் சமைக்கவும் பிடியுங்கள். வெந்நீர்க் குழாயிலிருந்து வரும் நீரை ஒருபோதும் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதீர்கள். சூடான நீர் ஈயத்தை விரைவாகக் கரைக்கும். குழாய் வாயில் உள்ள சிறு சல்லடையைக் கழற்றி அவ்வப்போது கழுவுங்கள். உதிர்ந்த ஈயத் துகள்கள் அதில் சிக்கியிருக்கும். கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் நீருக்கு, ஈயத்தை நீக்குவதாகச் சான்று பெற்ற வடிகட்டியையோ வேறு நம்பகமான நீரையோ பயன்படுத்துங்கள். இவை எல்லாம் தற்காலிக ஏற்பாடுகள். குழாயை மாற்றுவதே தீர்வு. அதிலும், தெருவோரம் பாதியை மட்டும் மாற்றி வீட்டுப் பக்கத்துப் பாதியை விட்டுவைத்தால், வெட்டிய அதிர்ச்சியில் படலம் உதிர்ந்து சில காலம் ஈயம் மேலும் உயரக்கூடும்.

ஆர்சனிக் எப்படித் தீங்கு செய்கிறது?

தோலில்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போல வெளிறியும் கறுத்தும் புள்ளிகள், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கெட்டியான சொரசொரப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். இவை தோன்றவே பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் அது புற்றுநோயை உண்டாக்குவது உறுதி செய்யப்பட்டிருக்கிறது. இதயம், இரத்தக் குழாய்கள், நரம்புகள் ஆகியவையும் பாதிக்கப்படுகின்றன.

வங்காளதேசத்தில் நேர்ந்தது நினைவில் வைக்கத்தக்கது. குளத்து நீரால் வந்த வயிற்றுநோய்களிலிருந்து குழந்தைகளைக் காக்கவே 1970-களில் தொடங்கி இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. கிருமியற்ற அந்தத் தெளிந்த நீரில் ஆர்சனிக் இருக்குமா என்று யாரும் சோதிக்கவில்லை. 1993-இல்தான் அது உறுதியாயிற்று. அதற்குள் பல கோடி மக்கள் அதைக் குடித்திருந்தார்கள். அங்கே சோதித்தபோது தெரிந்த இன்னொரு செய்தியும் பயனுள்ளது: சில பத்து மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கிணறுகளில் ஒன்று நஞ்சாகவும் மற்றது நன்றாகவும் இருந்தது. சொந்தக் கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ வீட்டுக் குழாய்க்கு நீர் ஏற்றுபவர்கள், அண்டை வீட்டாரின் அறிக்கையைத் தம்முடையதாகக் கொள்ள முடியாது.

ஃபுளோரைடு பல்லுக்கு நல்லது என்கிறார்கள். எலும்பைக் கெடுக்கும் என்றும் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி, அளவுதான் வேறுபடுத்துகிறது. சிறிதளவு ஃபுளோரைடு பற்சொத்தையைத் தடுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பற்கள் ஈறுக்குள் உருவாகும் முதல் எட்டு ஆண்டுகளில் இதைத் தாண்டிப் பெறும் குழந்தைகளுக்குப் பல்லில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் ஏற்படும். மேலும் உயர்ந்த அளவில் பல ஆண்டுகள் குடித்தால் ஃபுளோரைடு எலும்பில் படிந்து, மூட்டு வலியும் விறைப்பும் தொடங்கி, முற்றிய நிலையில் முதுகெலும்பு வளையாத கட்டையாகிவிடும். வெயிலில் உழைத்து நாளுக்கு நான்கைந்து லிட்டர் குடிப்பவருக்கு அதே நீரே இரு மடங்கு ஃபுளோரைடைத் தருகிறது என்பதால், வெப்பம் மிகுந்த இடங்களில் வரம்பை இன்னும் கீழே வைப்பதே அறிவுடைமை.

நைட்ரேட் குழந்தைகளுக்கு மட்டும்தான் ஆபத்தா?

உடனடி ஆபத்து, ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கே. உடலுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தின் சிவப்பணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. உதடும் நகமும் நீலம் பாரித்து, மூச்சுத் திணறும் இந்த நிலையை 1945-இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் கலக்கிய பால் குடித்த குழந்தைகளிடம் கண்டு எழுதினார். வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். உரமிட்ட வயல், மாட்டுத் தொழுவம், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகே உள்ள ஆழமற்ற கிணறுகளில் இது மிகும். மழைக்குப் பின் சட்டென்று ஏறும். நைட்ரேட் உயர்ந்திருந்தால் அதே வழியாகக் கிருமிகளும் இறங்கியிருக்கக்கூடும் என்பதால், கிருமிச் சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

குளோரின் வாசனை வருகிறது. குளோரினால் புற்றுநோய் வரும் என்பதால் அது சேர்க்காத நீரைத் தேடலாமா?

வேண்டாம். இந்தக் கேள்விக்கு அழுத்தமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். நீரில் உள்ள இலைதழைச் சாறு போன்ற கரிமப் பொருள்களோடு குளோரின் வினைபுரிவதால் குளோரோஃபார்ம் முதலிய டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகின்றன. 1974-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த யோஹானஸ் ரூக் இதை வெளிப்படுத்தினார். இவை மிகுந்த நீரைப் பல்லாண்டுகள் பயன்படுத்தியவர்களிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றே கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருப்பதும் உண்மை. அமெரிக்கா இவற்றின் மொத்த அளவை லிட்டருக்கு 80 மைக்ரோகிராமாகவும் ஐரோப்பிய ஒன்றியம் 100 மைக்ரோகிராமாகவும் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் குளோரின் இல்லாத நீரில் காலராவும் டைஃபாய்டும் வரும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு பெரியது. அது நாளையே வரக்கூடியது. குளோரினைச் சேர்ப்பதற்கு முன்பே கரிமப் பொருள்களை நன்கு வடிகட்டுவது நீர் வழங்குவோரின் கடமை. வீட்டில் வாசனை உறுத்தினால், நீரைத் திறந்த பாத்திரத்தில் சில மணி நேரம் வைக்கலாம்; கரி வடிகட்டியும் நன்கு வேலை செய்யும்.

என்றும் அழியாத வேதிப்பொருள்கள் என்று பேசப்படுபவை எவை?

பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும், ஆயிரக்கணக்கான பொருள்களைக் கொண்ட ஒரு குடும்பம். ஒட்டாத பாத்திரப் பூச்சு, நீர் புகாத துணி, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை ஆகியவற்றில் பயன்பட்டவை. கார்பனும் ஃபுளோரினும் கொண்ட அவற்றின் பிணைப்பு மிக உறுதியானது என்பதால் இயற்கையில் சிதைவதில்லை. அவற்றுள் நன்கு ஆராயப்பட்டவை மனித உடலிலும் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றன. கொழுப்பு உயர்தல், தைராய்டுக் கோளாறு, சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தடுப்பூசிக்கு உடல் காட்டும் எதிர்வினை குறைதல் ஆகியவற்றோடு இவை தொடர்புபடுத்தப்படுகின்றன. இவற்றுள் ஒன்றான பி.எஃப்.ஓ.ஏ.வை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023-இல் சேர்த்தது. 2024 ஏப்ரலில் அமெரிக்கா இதற்கு லிட்டருக்கு 4 நானோகிராம் (ஒரு நானோகிராம் என்பது ஒரு மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வரம்பு அறிவித்தது. ஆர்சனிக்கின் வரம்போடு ஒப்பிட்டால் அது இரண்டாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு. விமான நிலையம், தீயணைப்புப் பயிற்சித் திடல், இவற்றைப் பயன்படுத்திய தொழிற்சாலை ஆகியவற்றுக்கு அருகில் வசிப்பவர்கள் இதைக் கேட்டறிவது நல்லது.

செம்பு, மாங்கனீசு, யுரேனியம்?

கழுவுதொட்டியில் நீலப்பச்சைக் கறை படிந்தால் செம்புக் குழாய் அரிக்கப்படுகிறது என்று பொருள்; லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் குமட்டலும் வயிற்றுவலியும் வரலாம். மாங்கனீசு கரிய படிவாக வரும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கருதி, 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்று தற்காலிக அளவு வகுத்தது. யுரேனியம் என்றதும் கதிர்வீச்சு நினைவுக்கு வரும். குடிநீரில் அதன் முதன்மையான தீங்கு சிறுநீரகத்துக்குச் செய்யும் வேதித் தீங்கே. அதற்கான வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம்.

நீரை நன்றாகக் கொதிக்க வைத்தால் போதாதா?

கிருமிகளுக்குப் போதும். ஈயம், ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் எதுவும் ஆவியாவதில்லை. நீர் மட்டும் ஆவியாகி, அவை பாத்திரத்திலேயே தங்கிவிடுகின்றன. இரண்டு லிட்டர் நீரை ஒரு லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால் அவற்றின் செறிவு இரு மடங்காகும். குழந்தைக்கென்று கூடுதல் அக்கறையோடு நெடுநேரம் காய்ச்சும் வீடுகளில்தான் நைட்ரேட் இப்படிக் கூடுகிறது என்பது மனத்தை வருத்தும் செய்தி. கிருமிநீக்கத்துக்கு நீர் தளதளவென்று கொதி வந்ததும் ஒரு நிமிடம் விட்டால் பொதுவாகப் போதும். குளோரின், குளோரோஃபார்ம் போன்ற எளிதில் ஆவியாகும் பொருள்களே கொதித்தலில் வெளியேறும்.

கையடக்க டி.டி.எஸ். கருவியில் அளவு குறைவாகக் காட்டுகிறது. நீர் நல்லது என்று கொள்ளலாமா?

கொள்ளக் கூடாது. அந்தக் கருவி நீரின் மின்கடத்தும் திறனை அளந்து, கரைந்த உப்புகளின் மொத்த அளவை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மதிப்பிட்டுச் சொல்கிறது. அந்த எண்ணில் பெரும்பகுதி தீங்கற்ற கால்சியம், மக்னீசியம், சோடியம் ஆகியவற்றின் உப்புகளே. ஆர்சனிக்கின் வழிகாட்டு அளவோ 0.01 மில்லிகிராம், கருவி காட்டும் மிகச் சிறிய படியான ஒன்றில் நூறில் ஒரு பங்கு. எனவே 80 என்று காட்டும் நீரில் ஆர்சனிக் வரம்பைத் தாண்டியிருக்கலாம். 600 என்று காட்டும் நீர் சுவை சற்றுக் குறைந்தாலும் உடல்நலத்துக்கு உகந்ததாக இருக்கலாம். வடிகட்டி விற்பவர் இந்த எண்ணை மட்டும் காட்டி அச்சுறுத்தினால், எந்தப் பொருளை நீக்க இதை வாங்கச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

அப்படியானால் எந்த வடிகட்டியைத் தேர்ந்தெடுப்பது?

எதை நீக்க வேண்டும் என்று தெரிந்த பிறகே இந்தக் கேள்விக்கு விடை உண்டு. கிளர்வூட்டிய கரியானது குளோரின், டிரைஹாலோமீத்தேன், கரைப்பான்கள், பல பூச்சிக்கொல்லிகள், ஓரளவு பி.எஃப்.ஏ.எஸ். ஆகியவற்றைப் பற்றிக்கொள்ளும், நைட்ரேட்டையும் ஃபுளோரைடையும் ஏறத்தாழ அப்படியே விட்டுவிடும். நெருக்கமாக அழுத்திய கரிக் கட்டிகளுள் சில ஈயத்தையும் நீக்கும். அதற்கெனத் தனிச் சான்று பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புற ஊதா விளக்கு கிருமிகளைக் கொல்லும். கரைந்த உலோகங்களையும் நைட்ரேட்டையும் அது தொடுவதே இல்லை. கடினநீரை மென்மையாக்கும் கருவி கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைக் கொடுக்கும். ஆர்சனிக்குக்கோ நைட்ரேட்டுக்கோ அது பயன்படாது.

நீரை அழுத்தத்தோடு நுண்ணிய சவ்வின் வழியே செலுத்தும் ஆர்.ஓ. முறை ஈயம், ஃபுளோரைடு, நைட்ரேட், யுரேனியம், பி.எஃப்.ஏ.எஸ். எனப் பெரும்பாலானவற்றைக் குறைக்கிறது. ஆர்சனிக்கில் ஒரு நுட்பம் உண்டு: ஆக்சிஜன் குறைந்த ஆழ்நிலத்து நீரில் அது மின்னூட்டம் அற்ற மூவிணைதிறன் வடிவில் இருக்கும், அந்த வடிவம் சவ்வைக் கணிசமாகக் கடந்துவிடும். முன்னதாக ஆக்சிஜனேற்றம் செய்து மின்னூட்டம் உள்ள வடிவுக்கு மாற்றினால்தான் முழுப் பயன் கிடைக்கும். ஆர்.ஓ. கருவி நீரில் ஒரு பெரும் பங்கைக் கழிவாக வெளியேற்றுகிறது; நல்ல தாதுக்களையும் நீக்கிவிடுகிறது. சோதனையில் குறையற்ற நீருக்கு இதைப் பொருத்துவது வீண் என்பது என் உறுதியான கருத்து. எந்த வடிகட்டியானாலும், குறித்த காலத்தில் உட்பகுதியை மாற்றாவிட்டால் அது பற்றிவைத்ததை மீண்டும் நீரில் விடத் தொடங்கும். கரியில் கிருமிகளும் பெருகும். பொருத்திய சில வாரங்களுக்குப் பின் வடிகட்டிய நீரையும் ஒரு முறை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்ப்பது வீண்செலவு ஆகாது.

இத்தகைய நீரில் குளிக்கலாமா?

ஈயம், ஆர்சனிக், நைட்ரேட், ஃபுளோரைடு ஆகியவை தோல் வழியே குறிப்பிடத்தக்க அளவில் நுழைவதில்லை. குளிக்கலாம், துணி துவைக்கலாம். குழந்தைகள் குளிக்கும்போது நீரை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எளிதில் ஆவியாகும் குளோரோஃபார்மும் கரைப்பான்களும் இதற்கு விலக்கு. மூடிய குளியலறையில் வெந்நீரைப் பூந்தூறலாகத் திறந்துவிட்டுக் குளிக்கும்போது, குடிப்பதால் சேரும் அளவுக்கு ஈடான குளோரோஃபார்ம் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் சேரக்கூடும். சன்னலைத் திறந்துவைப்பது எளிய தற்காப்பு.

வரம்பைச் சற்றே தாண்டிவிட்டால் உடனே நோய் வருமா?

வராது. வழிகாட்டு அளவுகள் பெரும்பாலும், 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளுக்கு 2 லிட்டர் வீதம் வாழ்நாள் முழுவதும் குடிப்பதாகக் கொண்டு கணக்கிடப்பட்டவை. ஒரு வாரம் சிறிது மிகுந்திருந்ததற்காக ஒரு பெரியவர் அஞ்ச வேண்டியதில்லை. கைக்குழந்தையின் கணக்கு வேறு: 5 கிலோ எடையுள்ள குழந்தை நாளுக்கு முக்கால் லிட்டர் குடிக்கிறது என்றால், எடைக்கு ஏற்பப் பெரியவரைப் போல நாலரை மடங்கு குடிக்கிறது. நைட்ரேட் மிகுந்த நீரைச் சில நாள்கள் குடித்தாலே குழந்தைக்குத் தீங்கு நேரலாம். எனவே அறிக்கையைப் படிக்கும்போது எவ்வளவு என்பதோடு, எவ்வளவு காலமாக, யார் குடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நீரை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில், எந்தெந்தப் பொருள்களுக்குச் சோதனை வேண்டும் என்று பெயர் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொதுச் சோதனை என்ற பெயரில் கடினத்தன்மையும் உப்பும் மட்டும் அளந்து தருவது உண்டு. ஈயத்துக்கு, ஆறு மணி நேரமாவது யாரும் குழாயைத் திறக்காமல் இருந்த பின், சல்லடையைக் கழற்றாமல், முதலில் வரும் ஒரு லிட்டர் நீரை அப்படியே பிடிக்க வேண்டும். நீரை ஓடவிட்டு இரண்டாவது மாதிரியும் எடுத்தால், ஈயம் வீட்டுக்குள் கலக்கிறதா வெளியிலிருந்து வருகிறதா என்று ஊகிக்கலாம். கிணற்று நீரில் ஆர்சனிக், ஃபுளோரைடு, நைட்ரேட் ஆகிய மூன்றையும் கட்டாயம் கேளுங்கள். நைட்ரேட்டை மழைக்காலத்துக்குப் பின் மீண்டும் பாருங்கள்.

அறிக்கை வந்ததும் அலகுகளைப் பாருங்கள். நைட்ரேட்டைச் சில ஆய்வகங்கள் நைட்ரேட்டாகவே குறிக்கும். சில அதிலுள்ள நைட்ரஜனாகக் குறிக்கும். நைட்ரஜனாக 11 மில்லிகிராம் என்றால் நைட்ரேட்டாக ஏறத்தாழ 49. அதாவது வரம்பின் விளிம்பு. கண்டறியப்படவில்லை என்று எழுதியிருந்தால், அந்த முறை கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு எது என்று கேளுங்கள். 50 மைக்ரோகிராமுக்குக் கீழே காண முடியாத முறையில் ஆர்சனிக் கண்டறியப்படவில்லை என்றால், அதன்படி 40 மைக்ரோகிராமும் இருக்கலாம்.

ஈயமோ ஆர்சனிக்கோ மிகுந்த நீரை இதுவரை குடித்துவிட்டோம். மருத்துவரைப் பார்க்க வேண்டுமா?

பார்ப்பது நல்லது, குறிப்பாகக் குழந்தைகளும் கருவுற்றவர்களும் இருந்தால். ஈயத்துக்கு இரத்தச் சோதனை உண்டு. அது அண்மைக் காலத்தில் உடலில் சேர்ந்ததைக் காட்டும். அளவு சிறிது உயர்ந்திருந்தால் மூலத்தை நிறுத்துவதும், இரும்பும் கால்சியமும் குறைவின்றிக் கிடைக்கச் செய்வதுமே மருத்துவம். இரும்புச்சத்துக் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தை மேலும் உறிஞ்சும். ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் மிக உயர்ந்த அளவுகளுக்கு மட்டுமே தரப்படுகின்றன. நச்சை வெளியேற்றும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் மருந்துகளையும் தாமாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆர்சனிக்குக்குச் சிறுநீர்ச் சோதனை. கடல் உணவில் உள்ள தீங்கற்ற ஆர்சனிக் கணக்கைக் குழப்பிவிடும் என்பதால், அதற்கு முந்தைய சில நாள்கள் மீனையும் நண்டையும் தவிர்த்துவிட்டுச் செல்லுங்கள். நீரின் ஆய்வக அறிக்கையையும், எத்தனை ஆண்டுகளாக அந்த நீரைப் பயன்படுத்தினீர்கள் என்ற குறிப்பையும் கையோடு எடுத்துச் சென்றால், எதைச் சோதிப்பது என்று மருத்துவர் முடிவு செய்ய அது பெரிதும் உதவும்.